இவாதொனோ மலையில் புகைமேடு தேடிப் போனேன், ஒரு குழி கிடைத்தது. அது என்னவென்று சொல்லுங்கள்

#1 ஒத்தையடிப்பாதை

வணக்கம் மக்களே. ஜப்பானில், டோக்கியோ பக்கம் ஹாச்சியோஜியில் இருக்கிறேன். சனிக்கிழமை வந்தால் ஏதாவது ஒரு மலையில்தான் கிடப்பேன். அருவி, கோயில், ஃபூஜி காட்சி எல்லாம் பார்த்துச் சலித்துப்போய் இப்போது பிடித்திருக்கும் கிறுக்கு பழைய மலைக்கோட்டைகள். அதிலும் நோரோஷி என்கிற புகைச்சேதி. எதிரி வருகிறான் என்றால் ஒரு மலையில் புகை போடுவார்கள், அடுத்த மலைக்காரன் அதைப் பார்த்துத் தானும் போடுவான், அப்படியே சேதி தலைநகர் வரை போய்விடும்.

போன வாரம் ஓட்சுகியில் இறங்கி இவாதொனோ ஏறினேன். உயரம் 634 மீட்டர், டோக்கியோ ஸ்கைட்ரீயும் அதே 634. ஸ்டேஷனிலிருந்து பார்த்தாலே பிரம்மாண்டமான மொட்டைப் பாறை தெரியும், கண்ணாடிப் பாறை என்று அர்த்தம் வரும் பெயர். நேர்ப்பாதை பாறைச் சரிவால் மூடிக் கிடப்பதால் ஹாத்தகுரா பக்கமாகச் சுற்றி ஏறினேன்.

உச்சி நீளமாக, ஒடுக்கமாக இருக்கிறது. 'புகைமேடு இருந்த இடம்' என்று ஒரு பலகை, பக்கத்தில் ஒலிபரப்பு ஆன்டெனா. அவ்வளவுதான். மேடும் இல்லை, கல்லும் இல்லை. பலகையைப் பிடுங்கிப் பத்தடி தள்ளி நட்டாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அரைமணி நேரம் சுற்றிச் சுற்றி வந்து, ஃபூஜியைப் பார்த்துக்கொண்டே ஓனிகிரி தின்றுவிட்டு இறங்கினேன்.

விஷயம் அது இல்லை. மறுநாள் அதே பள்ளத்தாக்கில், பெயர்ப்பலகைகூட இல்லாத வேறொரு மலைமுகட்டில் நடந்தபோது ஒரு குழியைப் பார்த்தேன். வட்டம், ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலம், இடுப்பளவு ஆழம். உள்சுவர் முழுக்கக் கல் அடுக்கியிருக்கிறது. கற்கள் சூட்டில் செம்மண் நிறமாகிவிட்டன. அடியில் இலைச்சருகை விலக்கினால் கரித்துண்டு. கை நடுங்கிவிட்டது எனக்கு. தோண்டவில்லை, படம் மட்டும் எடுத்தேன். இது புகைமேடுதானே?

#2 சும்மா_படிக்கிறவன்

நெருப்பில்லாம புகையாதுன்னு பெரியவங்க சொன்னது இதுக்குத்தான். கரி இருக்கு, கல் வெந்திருக்கு. வாழ்த்துகள் பாஸ், டிவில வருவீங்க.

#3 ஏட்டுச்சுரைக்காய்

நான் மலை ஏறுகிற ஆள் இல்லை, படிக்கிற ஆள். பெயரிலேயே சொல்லிவிட்டேன்.

ஜப்பானில் இந்த ஏற்பாடு இரண்டு தடவை பிறந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை அரசாங்கக் காரியம். 663-ல் கொரியக் கரையில், ஹகுசுகினோஏ கடற்போரில் ஜப்பான் படை தாங் சீனத்திடமும் கொரிய அரசான சில்லாவிடமும் மண்ணைக் கவ்வியது. அடுத்து அவர்கள் இங்கேயே வந்துவிடுவார்கள் என்று பயம். 664-ல் சுஷிமா, இகி தீவுகளிலும் வட கியூஷுவிலும் காவல்வீரர்களையும் தீமேடுகளையும் வைத்ததாக நிஹோன் ஷோகி என்ற பழைய வரலாற்று நூல் சொல்கிறது. அன்றைக்கு அதன் பெயர் நோரோஷி இல்லை, தோபுஹி. பறக்கும் தீ.

அதற்குச் சட்டமே இருந்தது. மேட்டுக்கு மேடு 40 ரி தூரம். அன்றைய கணக்கில் சுமார் 21 கிலோமீட்டர். இடையில் மலை மறித்தால் தூரக்கணக்கு கிடையாது, ஒன்றுக்கொன்று தெரிந்தால் போதும். பகலில் புகை, இரவில் தீ. எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு: அடுத்த மேடு பதில் தீ காட்டவில்லை என்றால் உடனே ஓட்டக்காரனை அனுப்பு, சேதியைச் சொல், ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டு அதிகாரிக்கு எழுது. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே 'மெசேஜ் பார்த்தும் ஏன் ரிப்ளை பண்ணல' என்ற விசாரணை.

799-ல் கியூஷு தவிர மற்ற இடங்களில் இதைக் கலைத்துவிட்டார்கள். இரண்டாவது பிறவி செங்கோகு காலத்து (15-16-ஆம் நூற்றாண்டு) போர்ப் பிரபுக்களோடு. அதற்குச் சட்டமும் இல்லை, பதிவேடும் இல்லை. அவரவர் மலை, அவரவர் ஏற்பாடு. உங்கள் இவாதொனோ இந்த இரண்டாவது வகை. ஓயமாதா குடும்பத்தின் கோட்டை.

#4 வைகைக்கரை

தம்பி, படத்தை நல்லாப் பாத்தேன். மூணு கேள்வி. ஒண்ணு, குழி உச்சியில இருக்கா, இல்ல கொஞ்சம் கீழ சரிவுலயா? ரெண்டு, வட்டச்சுவர்ல பள்ளத்துப் பக்கம் ஒரு வாய் மாதிரி விட்டிருக்கா? மூணு, அந்த வாய்க்கு நேரெதிர, மேட்டுப்பக்கச் சுவர்ல அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கா?

#5 ஒத்தையடிப்பாதை

அண்ணே, எப்படிச் சொல்றீங்க? முகட்டிலிருந்து இருபது முப்பது மீட்டர் கீழே, சரிவை வெட்டி உண்டாக்கிய சின்னத் திட்டு. பள்ளத்துப் பக்கம் கல் இல்லை, சரிந்துவிட்டது என்று நினைத்தேன். பின்சுவரில் கை நுழைகிற அளவு ஓட்டை இருக்கிறது, மூன்றாவது படத்தில் தெரியும். எலிவளை என்று விட்டுவிட்டேன்.

#6 வைகைக்கரை

எலிவளை இல்லப்பா, புகைபோக்கி. நீ பாத்தது கரிச்சூளை.

எங்க ஊரு ராமநாதபுரம் பக்கம். சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுத்தான் எங்க குடும்பமே சாப்பிட்டுச்சு. நாங்க விறகை அடுக்கி, மேல செத்தையும் மண்ணும் போட்டு மூடுவோம். கல் கட்டுறதில்ல. இந்த ஊர்ல சுவரைக் கல்லுல கட்டி, மேல களிமண் கூரை போடுவாங்க. கூரை விழுந்தா மிச்சம் நிக்கிறது நீ பாத்த கிண்ணம்தான். வேலை ஒண்ணுதான்: வாய்ல தீ வை, காத்தை அளந்து விடு, பின்னால புகையைப் பாத்துக்கிட்டே இரு, புகை நிறம் மாறினதும் எல்லா ஓட்டையையும் அடை.

யோசிச்சுப் பாரு. சேதி சொல்றவனுக்கு எது வேணும்? நாலு திசையும் தெரியற மொட்டை உச்சி. சட்டுனு மேல எழும்புற புகை. குழிக்குள்ள இறங்கி, சரிவுக்குக் கீழ, காத்தை அடைச்சுக்கிட்டு அவன் ஏன் தீ மூட்டணும்? மூட்டக்காரனுக்குத்தான் காத்தடிக்காத இடம் வேணும், மரம் பக்கத்துல இருக்கணும், தண்ணியும் வேணும். கீழ ஓடை இருந்துச்சா?

#7 ஒத்தையடிப்பாதை

வற்றிப்போன ஓடை ஒன்று இருந்தது.

சரி, டிவி பேட்டியை ரத்து செய்கிறேன்.

#8 குளிர்காலப்பூனை

மனசு விடாதீங்க. இந்த நாட்டில் கோட்டை தேடி மலையேறுகிற எல்லாருமே ஒரு தடவையாவது கரிச்சூளையில் விழுந்து எழுந்தவர்கள்தான். 1950-60களில் கேஸும் மண்ணெண்ணெயும் வரும்வரை மலைகிராமங்களில் கரி சுடுவது முக்கியமான தொழில். எந்தச் சரிவில் போனாலும் அந்தக் கிண்ணம் இருக்கும்.

கல் கட்டிய நிஜத் தீக்குழி பார்க்கணும் என்றால் நாகசாகிக்குப் போங்கள். ஊருக்குப் பின்னால் 426 மீட்டரில் ஹோகாசான், பெயரே 'தீச்சைகை மலை'. உச்சியில் வட்டக் கல்கட்டு இன்னும் இருக்கிறது. ஆனால் அது 1638-ல், ஷிமபாரா கலகம் அடங்கியதும் அந்நியக் கப்பலைக் கவனிக்க வைத்தது. அது எதோ (Edo) காலம், நீங்கள் தேடும் செங்கோகு காலம் இல்லை. தெற்கே இஷிகாகி, ஹதெருமா பக்கத் தீவுகளில் கல் குவித்த மேடுகள் உண்டு, அதுவும் 1644 வாக்கில் ரியூக்யு அரசு வைத்தது. ஆக, ஜம்மென்று கல்லாக நிற்பதெல்லாம் பெரும்பாலும் பிந்தியவை.

செங்கோகு காலத்துக்குக் கல்லைத் தேடாதீர்கள், மண்ணைத் தேடுங்கள். முகட்டில் நடக்கும்போது பாதை திடீரென்று V மாதிரி இறங்கி ஏறினால் அது ஹொரிகிரி. முகட்டுவழியாக வருகிறவனைத் தடுக்கக் குறுக்கே வெட்டிய பள்ளம். அதைத் தாண்டினதும் வீட்டு முற்றம் அளவு சமதளம் ஒன்று வரும், குருவா. இரண்டு வெட்டு, நடுவில் ஒரு முற்றம், நாலு பேர் முறைபோட்டுக் காவல் இருக்கப் போதும். புகைமேடு என்பது பெரும்பாலும் இதுதான். தீ வைத்த இடம் கண்ணுக்குத் தெரியாது.

பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் யமனாஷியின் ஹொகுதோவில் வகமிகோ கோட்டைக்குப் போங்கள். அங்கே கிணற்று ஏற்றம் மாதிரி ஒரு நோரோஷியை மரத்தில் புதிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அதே வட்டாரத்தில் ஷிஷிகு கோட்டை, 788 மீட்டர். உச்சிவரை சமதளங்கள், தட்டைக் கல் சரிந்து கிடக்கும்.

இலை உதிர்ந்த பிறகு போங்கள், கோடையில் ஒன்றும் தெரியாது, உண்ணி வேறு. நவம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை பொதுவாக வேட்டைக்காலம், ஆரஞ்சுச் சட்டை போடுங்கள். கரடிமணி கட்டாயம். சருகை விலக்கியதாக எழுதியிருக்கிறீர்களே, அதோடு நிறுத்தியது நல்லது. ஓடு கிடைத்தாலும் கையில் எடுக்காமல் படம் மட்டும்.

#9 உயரக்கோடு

நான் மேப் பைத்தியம். காஷ்மீர் 3டி மென்பொருளில் இவாதொனோ உச்சியில் நின்று என்ன தெரியும் என்று ஓட்டிப் பார்த்தேன்.

கோஃபு தெரியாது. தகேதா குடும்பத்தின் தலைநகர் அங்கேதான், ஆனால் நடுவில் சசாகோ மலைவரிசை சுவர் மாதிரி நிற்கிறது. இங்கே புகை போட்டால் இடையில் ஒரு மலையாவது ஏந்தி அனுப்ப வேண்டும். கிழக்கே கட்சுரா ஆற்றுப் பள்ளத்தாக்கு நன்றாகத் தெரிகிறது, அதாவது ஹோஜோக்கள் ஆண்ட சகாமி பக்கமிருந்து வரும் வழி. ஆக, இது அந்தத் திசையைப் பார்த்த கண் என்று வைத்துக்கொள்ளலாம். சேதியைக் கோஃபுவுக்குக் கொண்டுபோன வாய் வேறு மலையில்.

இதைச் செய்தபோது ஒன்று உறைத்தது. ஒற்றை மேட்டைப் பார்த்து 'இது புகைமேடா' என்று கேட்பதே தப்பு. துணிக்கொடியின் ஒற்றை ஆணியைக் காட்டி இது எதற்கு என்று கேட்பது போல. அடுத்த ஆணி எங்கே என்று காட்டினால்தான் பேச்சு. இன்றைக்குப் போய் நின்றாலும் தெரியாது, ஏனென்றால் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மலை முழுக்க சுகி மரம் நட்டுவிட்டார்கள். நமக்கெல்லாம் மார்ச் மாதம் மூக்கொழுக வைக்கிற அதே மரம்.

#10 சும்மா_படிக்கிறவன்

தகேதா ஷிங்கெனோட புகை கவானகாஜிமா போர்க்களத்துலேர்ந்து கோஃபுக்கு 160 கிலோமீட்டரை 2 மணி நேரத்துல தாண்டுச்சுன்னு எல்லா யூடியூப்லயும் சொல்றாங்களே. அதுவும் டூப்பா?

#11 உயரக்கோடு

160 என்பது வழிநெடுகச் சுற்றிப் போகும் கணக்காக இருக்க வேண்டும். கவானகாஜிமா பக்கத்துக் கைஸு கோட்டையிலிருந்து கோஃபுவுக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 105 கிலோமீட்டர்தான். மலைக்கு மலை 10 கிலோமீட்டர் என்று வைத்தால் பத்துப் பதினொரு கை மாற வேண்டும். வெளிச்சத்துக்கு நேரமே ஆகாது. நேரம் பிடிப்பது ஆளுக்கு: காவல்காரன் கவனிக்கணும், இது சமையல் புகை இல்லை என்று நம்பணும், பற்ற வைக்கணும், புகை அடுத்தவன் கண்ணில் படும் அளவு தடிக்கணும். கைக்குப் பத்து நிமிஷம் என்றால் மொத்தம் இரண்டு மணிக்குள் வந்துவிடும். நடக்க முடியாதது இல்லை. வானம் தெளிவாக இருந்த நாளில், எல்லாரும் விழித்திருந்தால்.

#12 ஏட்டுச்சுரைக்காய்

'எல்லாரும் விழித்திருந்தால்' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மழை, மூடுபனி என்றால் ஓட்டக்காரனும் குதிரையும்தான் கதி. 1561 போரே கவானகாஜிமாவின் மூடுபனிக்குப் பேர்போனது.

இன்னொன்று, புகைக்கு வாய் கிடையாது. 'வந்துவிட்டார்கள்' என்று மட்டும் சொல்லும். யார், எத்தனை பேர் என்று முன்பே பேசிவைத்திருக்க வேண்டும். 927-ல் முடித்த எங்கிஷிகி விதித்தொகுப்பில் கியூஷுவுக்கான கணக்கு இருக்கிறது: தூதுக்கப்பல் என்றால் ஒரு தீ. பகைவன் என்று தெரிந்தால் இரண்டு. 200 கப்பலுக்கு மேல் என்றால் மூன்று. இதற்கு மேல் சேதி சொல்ல முடியாது, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. மூன்று தீயைப் பார்த்தவன் விவரம் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டான்.

இவாதொனோவுக்கு இதில் ஒரு கசப்பான கதை உண்டு. 1582-ல் தகேதா கட்சுயோரி தோற்று ஓடிவரும்போது அடைக்கலம் தருவதாகச் சொன்ன இடம் இந்தக் கோட்டைதான். ஓயமாதா நொபுஷிகே கடைசி நேரத்தில் வழியை மறித்துவிட்டான். கட்சுயோரி தானோ என்ற இடத்தில் குடும்பத்தோடு மாண்டார். புகை எவ்வளவு வேகமாகப் போனால் என்ன, அந்தப் பக்கம் நிற்கிறவன் யார் ஆள் என்பது வேறு கேள்வி.

#13 வல்லிபுரத்தான்

நல்ல இழை. நான் போன கிழமைதான் நாராவுக்குப் போயிட்டு வந்தனான், பிள்ளையள் மானுக்கு செம்பே பிஸ்கற் குடுக்கவேணும் எண்டு ஒரே கரைச்சல். அங்க தோபிஹினோ எண்டு ஒரு புல்வெளி. சுரைக்காய் அண்ணை சொன்ன 'தோபுஹி' இதுதானோ? அப்ப நான் தீமேட்டுக்குப் பக்கத்திலதான் இருந்து சோறு சாப்பிட்டிருக்கிறன்.

#14 ஏட்டுச்சுரைக்காய்

அதேதான். 712-ல் தகயாசு மலையின் மேட்டை எடுத்துவிட்டு, தகாமியிலும் கசுகாவிலும் புதிதாக வைத்தார்கள், புதுத் தலைநகரான நாராவுக்குச் சேதி வர. அந்தக் கசுகா மேட்டின் நினைவுதான் அந்தப் பெயர். ஷிமோனோசெகியில் ஹினோயமா, நோதோ முனையில் நோரோஷி என்றே ஒரு ஊர். கல் போய்விட்டது, பெயர் போகவில்லை.

மலையுச்சியில்தான் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். உத்சுனோமியாவில் தோபியமா கோட்டை என்று ஒன்று, கினு ஆற்றங்கரை மேட்டில், மலையே இல்லை. 1995-ல் அங்கே தோண்டியபோது 9-ஆம் நூற்றாண்டு மண்கலம் ஒன்றில் மையால் இரண்டு எழுத்து: 'தீமேட்டு வீடு'. மேலே இருப்பது காமகுரா காலத்து (12-14-ஆம் நூற்றாண்டு) கோட்டை, அடியில் அதற்கு முந்திய தீமேடு. கலத்தில் எழுதாமல் விட்டிருந்தால் எந்தக் கரியும் அதைச் சொல்லியிருக்காது.

#15 சும்மா_படிக்கிறவன்

எல்லாம் சரி, ஓநாய் சாணி மேட்டர் யாரும் பேசலியே? நோரோஷின்னு எழுதுற எழுத்தே 'ஓநாய்ப் புகை'தானே. ஓநாய் விட்டையைப் போட்டா புகை நேரா மேல போகுமாம்.

#16 வைகைக்கரை

யாராச்சும் எரிச்சுப் பாத்திருக்கீங்களாய்யா?

#17 ஏட்டுச்சுரைக்காய்

அந்தப் பேச்சு சீனத்திலிருந்து எழுத்தோடு சேர்ந்து வந்தது. ஜப்பானியச் சட்டத்தில் புகைக்கான சரக்குப் பட்டியல் இருக்கிறது, ஓநாய் இல்லை: மாசிபத்திரி இனச்செடி, வைக்கோல், பச்சைச் சுள்ளி, மூன்றையும் கலக்க வேண்டும். இரவுத் தீக்கு வேறு பந்தம். காய்ந்த நாணல் நடுத்தண்டு, மேலே காய்ந்த புல் சுற்றிக் கட்டு, கட்டைச் சுற்றிப் பிசின் ஊறிய பைன் குச்சிகளைச் செருகு. எதையும் சோதித்துப் பார்க்க முடியாது என்றும் இல்லை, இங்கே ஓநாய் 1905-க்குப் பிறகு கிடைக்கவில்லை என்பது மட்டும்தான் சிக்கல்.

#18 வைகைக்கரை

பச்சைச் சுள்ளி. அதான் விஷயம். காய்ஞ்சது மட்டும் போட்டா தீ நல்லா எரியும், புகை இருக்காது. முதல்ல தணல் பிடிக்கணும், அப்புறம் பச்சையை மேல அமுக்கணும். சட்டம் எழுதுனவன் கூட ஒரு மூட்டக்காரன் இருந்திருக்கான்.

#19 நெறியாளர்

குழி இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் எண்ணைச் சிலர் தனிமடலில் கேட்டதாக அறிகிறோம். தனியார் மலை, பகிர வேண்டாம். விறகு எரித்துச் சோதனை செய்யும் யோசனையை எழுதியவரின் பதிவு நீக்கப்பட்டுள்ளது. குளிர்காலக் காட்டில் தீ வைப்பது நகைச்சுவை அல்ல.

#20 ஒத்தையடிப்பாதை

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். வகமிகோவும் ஷிஷிகுவும் போய் வந்தேன், பூனை அக்காவுக்கு நன்றி.

வகமிகோவில் அந்த ஏற்றத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. நான் ஏதோ கல்மேடை, இரும்புச் சட்டி என்றெல்லாம் கற்பனை பண்ணியிருந்தேன். நாலு கம்பும் கயிறும்தான். இற்றுவிழுந்தால் இரண்டு தலைமுறையில் அடையாளம் இருக்காது. பின்னால் யட்சுகாதாகே பனியோடு நின்றது.

ஷிஷிகுவில் ஹொரிகிரியைக் கால்தான் முதலில் கண்டுபிடித்தது, கண் அப்புறம். இறங்கி ஏறி மூச்சு வாங்கும்போதுதான் 'ஓ, இதுதானா' என்று புரிந்தது. உச்சியில் மரங்களுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பள்ளத்தாக்கு தெரிந்தது. காற்று தாங்க முடியவில்லை, பத்து நிமிஷத்தில் விரல் விறைத்துவிட்டது. இங்கே ராத்திரி முழுக்க ஒருவன் எதிர்மலையையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்பதைத்தான் இறங்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். வராத தீக்காக.

அடுத்தது, நம்ம குழி. திரும்பப் போனபோது கீழே தோட்டத்தில் புதர் வெட்டிக்கொண்டிருந்த தாத்தா ஒருவரிடம் போனில் படத்தைக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் 'சுமியாகி' என்றார். கரிச்சூளை. வைகைக்கரை அண்ணனுக்கு ஒரு கும்பிடு. நோரோஷி என்று நான் இழுத்ததும் அவர் வெட்டுக்கத்தியால் அந்த மலைக்கு மேலே இன்னொரு குமிழைக் காட்டினார். அவருடைய தாத்தா காலத்தில் வறட்சி வந்தால் ஊரே விறகு சுமந்து போய் அந்த உச்சியில் தீ மூட்டுமாம், மழை வேண்டி.

#21 ஏட்டுச்சுரைக்காய்

அய்யோ. அதுதான் இருக்கிறதிலேயே பெரிய சிக்கல். மலையுச்சியில் தீ மூட்டி மழை கேட்பது ஜப்பான் முழுக்க இருந்த வழக்கம். அங்கே வெந்த மண் கிடைத்தாலும் அது போர்த்தீயா, மழைத்தீயா என்று எப்படிப் பிரிப்பது?

#22 உயரக்கோடு

அந்தக் குமிழைத் தனிமடலில் அனுப்புங்கள், இடத்தை வெளியே சொல்லமாட்டேன். ஓட்டிப் பார்க்கிறேன். இவாதொனோவும் தெரிந்து, மேற்கே சசாகோவின் ஏதாவது ஒரு முகடும் தெரிந்தால் போய்ப் பார்க்கலாம்.

#23 குளிர்காலப்பூனை

முகட்டில் வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மழை கேட்கப் போகிறவர்கள் பாதையைக் குறுக்கே வெட்டமாட்டார்கள்.

#24 உயரக்கோடு

இவாதொனோ தெரிகிறது. மேற்கே ஒரு முகடு விளிம்பில் தெரிகிறது, மரம் இல்லாத கணக்கில். 5 மீட்டர் உயரத்தரவில் வெட்டு இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது.

#25 ஒத்தையடிப்பாதை

பிப்ரவரி 15 தாண்டியதும் முதல் சனிக்கிழமை போகிறேன், அதற்கு முன் வேட்டைக்காரர்கள் இருப்பார்கள். தாத்தாவிடம் கேட்டுவிட்டேன், ஏறிக்கொள்ளச் சொன்னார். ஓட்சுகி ஸ்டேஷனில் காலை 8 மணி, காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.

#26 வைகைக்கரை

நான் வர்றேன். முட்டி வலிதான், மெதுவா ஏறுவேன். போற வழியில அந்தச் சூளையை ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்.

#27 குளிர்காலப்பூனை

நானும். கரடிமணி என்னிடம் இரண்டு இருக்கிறது.

#28 சும்மா_படிக்கிறவன்

நான் வீட்லேர்ந்து எதிர்மலையைப் பாத்துக்கிட்டு இருக்கேன்.